மண்குடமும் நடமாடும் வீடும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதியனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, எதனை எழுதுவது என்று பல நாள் மலைத்திருந்தோம். அதிபர்களின் அருந்தொண்டும், விளையாட்டு வீரரின் வெற்றிகளும், விடுதி வாழ்வின் இனிமைகளும் எம்மினும் வல்லார் பலரால் இம்மலரிற் கூறப்படும். நாமோ கல்லூரியை விட்டு நீங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவற்றுட் பெரும்பகுதியை அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா மாநிலத்திற் கழித்துவிட்டோம். சொல்லத்தக்க பெருஞ்சாதனை எம்மிடம் யாதுமில்லை. சொல்ல வேண்டிய பிழை ஒன்று உண்டு. அப்பிழையினின்று ஓருயிரை மீட்கத் துணைசெய்தது இக்கல்லூரியின் விஞ்ஞானகூடத்தில் நாம் கற்ற சிறு பாடம். அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அமெரிக்கர் 'மோட்டார் ஹோம்' என வழங்கும் ஊர்தியை இளைய மாணாக்கர் பலர் படங்களிற் பார்த்திருப்பர். பெரியதொரு பேருந்தின் உள்ளே சிறியதொரு வீட்டை அமைத்தாற் போன்றது அது. படுக்கையறை, சமையற்கட்டு, குளியலறை யாவும் அதனுள் அடங்கும். குடிசார் பொறியியலாளராக வீதிகளும் பாலங்களும் அமைத்து இளைப்பாறிய பின்னர், 2015ஆம் ஆண்டில், அத்தகைய வண்டி ஒன்றை இரண்டாங் கையாக வாங்கினோம். நீளம் 36 அடி. அகலம் எட்டரை அடி. எம் மனைவியார் அதற்குத் 'தேர்' என்று பெயரிட்டார். பெயர் பொருத்தமானதே. தேர் ஓடும்போது அழகு. ஓடாதபோது அதற்கொரு கொட்டகை வேண்டும். நம் ஊரார் தேரை வெயிலிலே விட்டுவைப்பதில்லை. நாம் விட்டுவைத்தோம்.

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூவகையாற் செல்லும் என்பதை மாணாக்கர் அறிவர். நம் பாட்டனார் கட்டிய வீடுகள் இம்மூன்றையும் அறிந்தே கட்டப்பட்டவைபோல இருந்தன. தடித்த சுவர், அதன்மேற் சுண்ணாம்பு வெள்ளை, தாழ்ந்து இறங்கிய கிடுகுக் கூரை, சுற்றிலும் விறாந்தை, முற்றத்தில் ஒரு வேம்பு. நடமாடும் வீட்டுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. எமது வண்டியின் சுவர் இரண்டு அங்குலத் தடிப்பே உடையது. முகப்பிலோ ஆளுயரத்தை அணுகும் கண்ணாடி. நண்பகற் சூரியன் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் வாற்று வலுவைச் சொரிகின்றது. எமது கூரையின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மீற்றர். எனவே கூரைமேல் மட்டும் 28 கிலோவாற்று வெயில் வந்து விழும். வெண்ணிறப் பூச்சு அதிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினாலும், எஞ்சியது உள்ளே இறங்கும்; கண்ணாடிகள் வழியே வருவது வேறு.

இதற்கு எதிராக நாம் நம்பியிருந்தவை கூரைமேற் பூட்டிய இரண்டு குளிரூட்டிகள். ஒவ்வொன்றும் மணிக்கு 15,000 பிரித்தானிய வெப்ப அலகுகளை வெளியேற்ற வல்லது; அஃதாவது நாலரைக் கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் முழுவலுவுடன் ஓடினால் ஒருவாறு சமாளிக்கலாம். ஒன்று மட்டும் தளர்ந்து ஓடினால் என்னவாகும் என்பதனை எழுதுகோலும் கடதாசியும் கொண்டு எந்த நாளிலும் நாம் கணித்திருக்கலாம். ஆனால் யந்திரம் வாங்கியவன் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். நாமும் நிறுத்திவிட்டோம்.

2017ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எம் தமக்கையாரும் அத்தானாரும் யாழ்ப்பாணத்திலிருந்து எம்மைக் காண வந்திருந்தனர். அத்தானாரும் இக்கல்லூரியின் பழைய மாணவர். எமக்கு ஆறு வகுப்பு மூத்தவர். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொண்டு வந்தார். அரிசோனா மாநிலத்திலுள்ள பெரும் பள்ளத்தாக்கைக் காண்பதும், பீனிக்ஸ் நகருக்குத் தெற்கே மரிக்கோப்பாவிற் கோயில்கொண்டிருக்கும் மகா கணபதியைத் தரிசிப்பதும் அவருடைய விருப்பங்கள். தேரைப் பூட்டினோம். லொஸ் ஏஞ்சலிசுப் பக்கத்திலிருந்து பீனிக்ஸ் ஏறத்தாழ 600 கிலோமீற்றர். வண்டியின் பின்னே எமது சிறிய மோட்டார்க் காரையும் இழுத்துச் சென்றோம்.

யூன் 20ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை. அன்று பீனிக்ஸ் நகரில் வெப்பநிலை 119 பாகை பரனைற்று, அஃதாவது 48 பாகை செல்சியசுக்கு மேற் சென்றது. அவ்வெப்பத்திற் பறப்பதற்கு அனுமதியில்லாத சிறு விமானங்கள் பல அன்று நிலத்திலேயே நிறுத்தப்பட்டன. காலையிற் கணபதியைத் தரிசித்துவிட்டு, நடமாடும் வீடுகள் தங்கும் ஒரு நிலையத்தில் வண்டியை நிறுத்தினோம். ஐம்பது அம்பியர் மின்னிணைப்புள்ள இடங்கள் யாவும் நிறைந்துவிட்டன. முப்பது அம்பியர் இடமொன்றே கிடைத்தது. ஐம்பது அம்பியர் இணைப்பில் 120 வோல்ற்றுடைய இரண்டு கம்பிகள் உண்டு. ஆதலால் 12,000 வாற்றுப் பெறலாம். முப்பது அம்பியரிற் பெறத்தக்கது 3,600 வாற்று மாத்திரமே. ஒரு குளிரூட்டியைத்தான் அதிலே ஓட்டலாம். 'ஒன்று போதும், மாலையானால் குளிர்ந்துவிடும்' என்றோம். இது முதற் பிழை. முகப்புக் கண்ணாடி மேற்கை நோக்கி நின்றது. வண்டியைத் திருப்பச் சோம்பினோம். இது இரண்டாவது. பக்கத்திற் சுருட்டிவைத்த துணிப்பந்தலையும் விரிக்கவில்லை. இது மூன்றாவது.

நான்காவது பிழை மற்றை மூன்றினும் பெரிது. உணவருந்திய பின்னர் அத்தானார் படுக்கையறையில் உறங்கினார். குளிரூட்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவரை எழுப்பாது, எம் மனைவியாரையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு காரிற் கடைக்குச் சென்றோம். யந்திரத்தைக் காவல்வைத்துவிட்டுச் சென்றோம் என்பதே உண்மை.

இரண்டு மணி நேரத்தின் பின்னர் மீண்டோம். வெளியே நின்றபோது கூரைமேல் யந்திரத்தின் ஒலி கேட்டது, மனம் ஆறுதலுற்றது. கதவைத் திறந்தபோது, போறணையைத் திறந்தாற்போல வெப்பம் முகத்தில் அறைந்தது. சமையற்கட்டில் மாட்டியிருந்த வெப்பமானி 43 பாகையைக் காட்டிற்று. ஒலித்துக்கொண்டிருந்தது விசிறி மாத்திரமே. நிலையத்திலிருந்த அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்திற் குளிரூட்டிகளை ஓட்டியமையால் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது. அயலவர் ஒருவர் பின்னர் அளந்து காட்டினார்: 120 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் 101 வோல்ற்று. அழுத்தம் குறைந்தால் அமுக்கியின் மோட்டார் கூடிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். எரிந்துபோகாவண்ணம் காப்பு ஆளி அதனை நிறுத்திவிடும். விசிறியோ தொடர்ந்து சுழலும். குளிரைத் தந்த அதே துளைவழியாக வெயிலேறிய காற்று அறையெங்கும் வீசிக்கொண்டிருந்தது.

அத்தானார் கட்டிலின் ஓரத்திற் சாய்ந்து அமர்ந்திருந்தார். தோல் நெருப்பாய்க் கொதித்தது. ஒரு துளி வியர்வையில்லை. எம்மைப் பார்த்து, "மணி அடித்தாயிற்றா தம்பி? பிந்திவிட்டோமோ?" என்றார். முதலில் எமக்கு விளங்கவில்லை. விளங்கியபோது எம் உடல் நடுங்கிற்று. அவர் கேட்டது கல்லூரி மணியை.

எம் மனைவியார் அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையிலிருந்தவர், நோயாளர் தெளிவின்றிப் பேசுவதால் வாயில் எதனையும் ஊற்றவேண்டாம் என்றும், உதவி வரும்வரை உடலை நனைத்து விசிறுமாறும் கூறினார். தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்துவிட்ட அக்காவைத் தடுத்தோம். குழாயைத் திறந்தோம். குழாய்கள் வெயிலேறிய நிலத்திற் கிடந்தமையால் நீரும் சூடாகவே வந்தது. அக்கா, "சுடுதண்ணீரைப் போய் ஊற்றுகிறாயே!" என்று அழுதார். ஒரு கணம் எம் கையும் தயங்கிற்று.

அந்த ஒரு கணத்திலேதான் இரண்டு மண்குடங்கள் எம் நினைவுக்கு வந்தன.

எமது பௌதிக ஆசிரியர் ஒருநாள் சந்தையிலிருந்து இரண்டு புதிய மண்குடங்களைத் தாமே சுமந்து வந்தார். ஒன்றின் புறத்தே வர்ணம் பூசி உலரவிட்டார். மற்றையதை அவ்வாறே விட்டார. இரண்டிலும் ஒரே அளவு நீர்வார்த்து விஞ்ஞானகூடத்தின் சாளரத்தருகே வைத்து, நண்பகலில் எம்மை அழைத்து வெப்பமானியை இட்டுப் பார்க்கச் சொன்னார். வர்ணம் பூசிய குடத்து நீர் 31 பாகை. பூசாத குடத்து நீர் 27 பாகை. "குளிர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். எவரும் விடை கூறவில்லை. "குளிர் எங்கிருந்தும் வரவில்லை, வெப்பமே வெளியே சென்றது. கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டுசென்றது. நீர் குளிர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. காற்று உலர்ந்திருக்க வேண்டும். மாரி காலத்தில் இதையே மீண்டும் செய்து பாருங்கள்" என்றார். மார்கழியிற் செய்து பார்த்தோம். இரண்டு குடங்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

நீர் குளிர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. காற்று உலர்ந்திருக்க வேண்டும். அரிசோனாப் பாலைநிலத்தின் யூன் மாதக் காற்றினும் உலர்ந்தது யாது? படுக்கைவிரிப்பைக் கிழித்து, அந்நீரிலே நனைத்து அத்தானாரின் உடலெங்கும் போர்த்தோம். மின்கலத்தில் ஓடும் சிறிய விசிறியை அவர்மேல் திருப்பினோம். அக்கா ஒருபுறமும் மனைவியார் மறுபுறமும் தட்டையான பெட்டி மூடிகளால் வீசினர். கடையில் வாங்கி வந்த பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தோம். துணி உலர உலர மீண்டும் நனைத்தோம். தொட்ட கை வியக்குமாறு அத்துணி குளிர்ந்தது. வெறும் உடல்மேல் அந்தக் காற்றை வீசியிருந்தால் வெப்பத்தையே கூட்டியிருப்போம். ஈரத்தின்மேல் வீசியபோது அதே காற்று வெப்பத்தை அள்ளிச்சென்றது. நோயாளர் வண்டி வரும்போது அத்தானார் எம் பெயரைச் சொல்லி அழைத்தார்.

வைத்தியசாலையில் மூன்று நாட்கள் இருந்தார். சென்றவுடன் அளந்தபோது உடல்வெப்பம் 40 பாகைக்கு மேலிருந்தது. உடனே நனைத்து விசிறியது நன்மையாயிற்று என்றும், இன்னும் சிறிது நேரம் தாழ்த்தியிருந்தால் நிலைமை வேறாயிருக்கும் என்றும் வைத்தியர் கூறினார். அம்மூன்று நாட்களும் அக்கா எம்முடன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தாற் பொறுத்திருப்போம். மூன்றாம் நாள் அத்தானாரிடம் எமது குற்றங்கள் நான்கையும் ஒன்றொன்றாய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்றுநேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, அந்தக் குடங்களை எங்கள் வகுப்புக்கும் வாத்தியார் கொண்டுவந்தார். நீர் படித்ததை மறந்திருந்தீர்; நல்லகாலம், முழுதும் மறக்கவில்லை" என்றார். அக்கா அப்பொழுதுதான் எம்மை நோக்கி, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

அந்நாளின் பின்னர் எமது தேரை நடத்தும் முறை மாறியது. எம்மைப்போல் வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலரும் இத்தகைய வண்டிகள் வைத்திருத்தல் கூடும். அவர்களுக்குப் பயன்படுமென்று அதனைச் சுருங்கக் கூறுவோம். முதலில் வெயில் உள்ளே வராதிருக்க வழிசெய்கிறோம். பின்னரே வந்ததை வெளியேற்ற யந்திரத்தைத் தேடுகிறோம். மரநிழல் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடையாவிடில் முகப்பைக் கிழக்கே திருப்பி நிறுத்துகிறோம். அப்பொழுது கண்ணாடிமேற் காலை வெயில் மாத்திரமே படும். கொடிய மாலை வெயிலை ஒடுங்கிய பின்சுவர் ஏற்கும். வலப்பக்கத்துத் துணிப்பந்தல் தெற்குப் பக்கத்துக்கு விறாந்தையாகும். கண்ணாடிகளுக்குத் திரையை உள்ளே தொங்கவிடுவதினும் வெளியே போர்ப்பது மேல். கண்ணாடியைக் கடந்து உள்ளே புகுந்த வெயில் வெப்பமாகித் தங்கிவிடும். கூரையிலுள்ள காற்றுத் துளைகளுக்கும் பஞ்சணை செய்து அடைக்கிறோம்.

குளிரூட்டியை நண்பகலிலே தொடங்குவதில்லை, விடியற்காலையிலேயே தொடங்குகிறோம். சுவரும் தளபாடமும் சூடேறிய பின்னர் அவற்றை ஆற்றுவது, மூண்டபின் நெருப்பை அணைப்பது போன்றது. சமையல் வெளியே, பந்தலின் கீழ். மின்னழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்றும், அது பத்து வீதத்துக்கு மேற் குறைந்தால் மின்னைத் துண்டித்து மணியடிக்கும் கருவி ஒன்றும் பூட்டியுள்ளோம். சூரியன் சாய்ந்ததும் நிழற்பக்கத்துச் சாளரத்தைத் திறந்து, கூரை விசிறியால் உள்வெப்பத்தை மேலே வெளியேற்றுகிறோம். முதியோரையும் சிறுவரையும் யந்திரத்தின் பொறுப்பில் விட்டு ஒருபொழுதும் அப்பாற் செல்வதில்லை.

ஈரப்பதன் குறைந்த நாட்களில் நீரால் இயங்கும் சிறு குளிர்ப்பெட்டி ஒன்றையும் பயன்படுத்துகிறோம். நனைந்த மெத்தையினூடாகக் காற்றை இழுக்கும் ஒரு விசிறியே அது. மண்குடத்துக்கு மின்சாரம் பூட்டினாற் போன்றது. அதன் வலுவை மாணாக்கர் கணித்துப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டுசெல்லும். எமது பெரிய குளிரூட்டி ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பம் ஏறக்குறைய ஆறரை லீற்றர் நீர் ஆவியாதலுக்குச் சமம். குளிரூட்டிகள் பரவுமுன்னர் அரிசோனா மக்கள் கோடை இரவுகளில் விறாந்தைகளில் ஈரவிரிப்புகளைத் தொங்கவிட்டு உறங்கினர் என்று அறிந்தபோது, பழைய உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆயினும் யூலை மாதத்தில் அங்கும் மழைக்காற்று வந்து காற்றில் ஈரம் ஏறிவிடும். அப்போது இப்பெட்டியாற் பயன் குறைவு. மார்கழி மாதத்துக் குடங்களை எமது ஆசிரியர் வீணே காட்டவில்லை.

எல்லாவற்றிலும் சிறந்த உபாயம் ஒன்றுண்டு. வீட்டுக்குச் சக்கரம் பூட்டியிருப்பது எதற்காக? மேலே ஏறிச் செல்வதற்காக. பீனிக்ஸ் நகரம் கடல்மட்டத்திலிருந்து 330 மீற்றர் உயரத்தில் உள்ளது. வடக்கே ஏறத்தாழ 230 கிலோமீற்றர் சென்றால் பிளாக்ஸ்டாஃப் என்னும் மலைநகர். உயரம் 2,100 மீற்றர், நம் நுவரெலியாவினும் சற்று மேல். யூலை மாதத்திற் பகலின் சராசரி உச்ச வெப்பநிலை பீனிக்ஸில் ஏறத்தாழ 41 பாகை. பிளாக்ஸ்டாஃபில் ஏறத்தாழ 28 பாகை. பிரித்தானியர் காலத்துக் கொழும்பு அதிகாரிகள் கோடையில் மலைநாட்டுக்கு ஏறிய இரகசியம் இதுவே. வைத்தியசாலையினின்று வந்த அத்தானாரை இரவோடிரவாக அங்கு கொண்டுசென்றோம். தேவதாரு மரங்களின் கீழ் ஒரு கிழமை தங்கினோம். ஒரு யந்திரத்தையும் முடுக்கவில்லை. பின்னர் அவர் பெரும் பள்ளத்தாக்கையும் கண்டார்; விளிம்பிலே நின்று நெடுநேரம் பேசாதிருந்தார்.

அத்தானார் 2021ஆம் ஆண்டு, தம் ஊரில், தம் வீட்டு விறாந்தையை அடுத்த அறையில், முதுமையாற் சிவபதமெய்தினார். நான்காண்டுகள் அவர் கூடுதலாக வாழ்ந்தார். பேரப்பிள்ளைகள் இருவரின் திருமணத்தையும் கண்டார். இறுதிவரை அவர் எமக்கு எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றிலும் முடிவில் ஒரு வரி இருக்கும்: 'தேரை நிழலில் விட்டீரா?'

எமது ஆசிரியரும் இன்று இல்லை. அவருக்கு நாம் நன்றி கூறத் தவறிவிட்டோம். அன்றைய விஞ்ஞானகூடத்தின் சாளரம் இன்றும் உண்டோ, புதிய கட்டடம் எழுந்துவிட்டதோ அறியோம். பழைய மாணவர் சங்கத்தார் நூலகத்துக்கும் மைதானத்துக்கும் பெருநிதி திரட்டுகின்றனர். எம்மால் இயன்ற பங்கினை அனுப்பியுள்ளோம். அதனோடு சிறியதொரு வேண்டுகோளும் உண்டு. ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் ஒருமுறையும் மார்கழி மாதத்தில் ஒருமுறையும், இரண்டு புதிய மண்குடங்களை வாங்கி, ஒன்றிற்கு வர்ணம் பூசி, விஞ்ஞானகூடத்தில் மாணாக்கர்முன் வைக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். அதற்காகும் செலவு எம்முடையது. அக்குடங்களிற் கைவைத்துப் பார்க்கும் சிறுவர்களுள் ஒருவன், எங்கோ ஒரு தூரதேசத்தில், எக்காலத்திலோ, ஒரு கணம் கை தயங்கி நிற்பான். அன்று அவனுக்கு அது பயன்படும்.

எமது கல்லூரித்தாய் நீடு வாழ்க!